தலை போன ஏழு

போன மாதம் தேனாம்பேட்டை ஆபீசிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, நான் எழுதிய லோடர் என்ற லைப்ரரியைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று கேட்டார்கள். பேசினேன். முடிவில் ஒரு பெண் எழுந்து, வெளியில் இலவசமாகக் கிடைக்கிற லைப்ரரிகளெல்லாம் ஒரே வரியில் படங்களை ஏற்றிவிடுகின்றனவே, உங்களுடையது மட்டும் ஏன் எதற்கெடுத்தாலும் நின்றுவிடுகிறது என்று கேட்டாள். "அந்த நிக்கறதை நாங்க ஆஃப் பண்ணி வெச்சிருக்கோம் மேடம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத சிரிப்புதான். ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று ஒரு பொன்னாடையைப் போர்த்தி, ஸ்வீட் பெட்டியைக் கையில் கொடுத்து, லிஃப்ட் வரை கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

அந்த லோடர் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கையால் எழுதிய எண்களைப் படிக்கக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமானால், ஏராளமான எண்களை அதற்குக் காட்ட வேண்டும். சின்னச் சின்னச் சதுரப் படங்கள். ஒவ்வொன்றிலும் பூஜ்யம் முதல் ஒன்பது வரை ஏதாவது ஓர் எண், யாரோ ஒருவர் பேனாவால் எழுதியது. படங்கள் ஒரு கோப்பில் இருக்கும். அது எந்த எண் என்ற விடை இன்னொரு கோப்பில் இருக்கும். இரண்டையும் எடுத்து, இந்தப் படத்துக்கு இந்த விடை என்று ஜோடி பிசகாமல் கற்கிற புரோகிராமிடம் ஒப்படைப்பதுதான் லோடரின் வேலை. கற்பித்து முடித்த பிறகு பரீட்சை வைப்பதற்கும் அதே லோடர்தான் வேறு படங்களை எடுத்துக் கொடுக்கும். கேட்டால் ஒன்றுமில்லாத வேலை மாதிரி இருக்கும். அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். கற்கிற புரோகிராமை எழுதியவர்களுக்கு மேடை, கைதட்டல். லோடரை, ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த, சி என்கிற கம்ப்யூட்டர் மொழி தெரிந்த ஒரு பெண்பிள்ளையிடம் தள்ளிவிட்டார்கள்.

நான் தி. நகரில் வளர்ந்தவள். அப்பாவுக்குப் பாத்திரக்கடை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கணிதத்தில் பட்டம், மாலை வகுப்பில் கம்ப்யூட்டர், கோபாலபுரத்தில் ஒரு சின்ன ஆபீஸ், பிறகு வங்கிகளுக்கு மென்பொருள் செய்கிற இரண்டு கம்பெனிகள். அதையெல்லாம் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. கணக்கு சரியாக வரவேண்டும், வராவிட்டால் புரோகிராம் நின்று "வரவில்லை" என்று சொல்ல வேண்டும் என்பதை அந்த வருஷங்கள் எனக்குள் ஊறவைத்தன. வங்கியில் கணக்கு உதைத்தால் அதைத் தாண்டிப் போக முடியாது. அந்தப் பழக்கத்தோடுதான் தேனாம்பேட்டைக்கு வந்தேன்.

அங்கே எங்களுக்கு மேலே இருந்தவர் மனோகர் சார். அவரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த மாதிரி மனிதரைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மேஜையில் ஒரு காகிதம் இருக்காது. குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. நம் பிள்ளை எந்த வகுப்பு, மாமியாருக்கு எந்தக் கண்ணில் ஆபரேஷன் என்பதெல்லாம் ஞாபகம் வைத்து விசாரிப்பார். நாம் பேசும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே "புரியுதும்மா, புரியுது" என்பார். இல்லை என்ற வார்த்தை அவர் வாயில் வராது. "பார்க்கலாம்மா" என்றால் இல்லை என்று அர்த்தம் என்பது எனக்குப் பிடிபட வெகுநாள் ஆனது. சிக்கலான உத்தரவு எதையும் மெயிலில் எழுத மாட்டார். நம் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று, தோழமையாக, வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

எங்களுக்குக் கிடைத்திருந்தது ஒரு தேர்வு அமைப்பின் வேலை. நர்சிங், லேப் டெக்னீஷியன் போன்ற படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வை நடத்துகிறவர்கள். விடைத்தாளைத் திருத்துகிற ஆசிரியர், மொத்த மதிப்பெண்ணை முதல் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் கட்டங்களில் எழுதுவார். தாளை ஸ்கேன் செய்வோம். எங்கள் புரோகிராம் அந்த எண்ணைப் படித்து மதிப்பெண் பட்டியலுக்கு அனுப்பும்.

வெளிநாட்டில் சேகரித்து உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற எண் படங்களை வைத்துத்தான் ஆரம்பித்தோம். அதில் எங்கள் புரோகிராம் பிரமாதமாகத் தேறியது. நம் ஊர்த் தாள்களைக் காட்டியதும் திக்குமுக்காடியது. அந்தப் படங்களில் எண்கள் எல்லாம் நடுவில், நாலு பக்கமும் இடம் விட்டு, அடக்கமாக உட்கார்ந்திருக்கும். நம் ஆசிரியர்களின் எண்கள் கட்டத்துக்குள் அடங்கவில்லை. மேல் கோட்டில் இடிக்கும், கீழே வால் நீளும். ஆகவே நம் ஊர்க் கையெழுத்தில் புதிதாகப் படங்கள் சேர்த்தோம். அவற்றுக்காக நான் எழுதிய லோடரில், எண் கட்டத்தின் கோட்டைத் தொட்டிருந்தால் புரோகிராம் நிற்கும். ஒரு மனிதர் பார்த்து, இது இன்ன எண் என்று சொன்ன பிறகுதான் மேலே போகும்.

காரணம் இருந்தது. ஸ்கேன் செய்த படத்திலிருந்து அச்சிட்ட கட்டத்தின் கோடுகளை முதலில் அழித்துவிடுவோம், எண் மட்டும் மிஞ்ச வேண்டுமென்று. ஏழின் மேல் கோடு கட்டத்தின் கோட்டோடு ஒட்டி இருந்தால், கட்டம் அழியும்போது ஏழின் தலையும் சேர்ந்து போய்விடும். மிஞ்சுவது சாய்ந்த ஒற்றைக் கோடு. பார்க்கிறவர்கள் அதை ஒன்று என்றுதான் சொல்வார்கள்.

மனோகர் சாருக்கு லோடர் இப்படி நிற்பது பிடிக்கவில்லை. தேர்வு அமைப்புக்காரர்கள் வந்து பார்க்கும்போது இப்படி நின்று நின்று போனால் நன்றாகவா இருக்கும் என்றார். கோட்டைத் தொடுகிற படங்களை விட்டுவிட்டு மற்றதை மட்டும் ஏற்றச் சொன்னார். விட்டவற்றை எண்ணி, இத்தனை விட்டோம் என்றாவது காட்டுவோம் என்றேன். "பார்க்கலாம்மா" என்றார். தங்கை மகள் கல்யாணத்துக்காக வடபழனியில் நான் லீவில் இருந்தபோது, வேறொருவரை உட்கார வைத்து லோடரை மாற்றிவிட்டார். நான் திரும்பி வந்தபோது பரீட்சையில் எங்கள் புரோகிராமின் மதிப்பெண் தொண்ணூற்றொன்பதைத் தாண்டியிருந்தது. ஆபீசில் கேக் வெட்டியிருந்தார்கள். கற்கிற புரோகிராமில் ஒரு வரிகூட மாறவில்லை. கஷ்டமான கேள்விகளை வினாத்தாளிலிருந்து கிழித்துப் போட்டுவிட்டு, பையன் முதல் மார்க் வாங்கிவிட்டான் என்று கொண்டாடியிருக்கிறார்கள்.

நேரில் போய்ச் சொன்னேன். மெயிலிலும் எழுதினேன். கண்ணாடியைத் துடைத்தார். "படிக்க முடியாததை வெச்சுக்கிட்டு எப்படிம்மா பரீட்சை வைக்கறது?" என்றார். யாருக்குப் படிக்க முடியாதது என்று கேட்டேன். மெயிலுக்கு அவர் பதில் எழுதவே இல்லை. நிஜத் தேர்வுத் தாள்கள் லோடர் வழியாகப் போவதில்லை, அங்கே எதையும் விட்டுவிட முடியாது என்பதுதான் இதில் கொடுமை. ஒவ்வொரு தாளுக்கும் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும். தலை போன ஏழை வாழ்நாளில் பார்த்தே இராத புரோகிராம் கூசாமல் ஒன்று என்று சொல்லும். சொல்லியது.

அந்த வருஷத் தேர்வு முடிவு வந்து சில நாளில் ஸ்கேனிங் பிரிவு தனசேகர் என்னைத் தேடிவந்தான். வடபழனிக்காரன், கலகலப்பானவன். அன்றைக்கு முகம் சரியில்லை. தேர்வு அமைப்பிலிருந்து ஒரே ஆசிரியர் திருத்திய ஒரு கட்டுத் தாள்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார்களாம். பலருக்கு மதிப்பெண் தப்பாகப் போயிருக்கிறது. கவிதா என்று ஒரு பெண் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்து மனுப் போட்டிருக்கிறாள். அவளுக்குத் திருத்தியவர் போட்டது எழுபத்திரண்டு. பட்டியலில் வந்தது பன்னிரண்டு.

தனசேகர் அந்தத் தாளைத் திரையில் போட்டுக் காட்டினான். "இன்னா மேடம், ஏழு ஏழாத்தான கீது?" என்றான். ஆமாம். பெரிய, அழுத்தமான, அழகான ஏழு. கட்டத்தின் மேல் கோட்டில் தலை ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

அதற்குள் மனோகர் சார் ஓர் அறிக்கை தயார் செய்துவிட்டார். புரோகிராம் தொண்ணூற்றொன்பது விழுக்காட்டுக்கு மேல் சரியாகப் படிக்கும் என்று நிரூபிக்கப்பட்டது; திருத்திய ஆசிரியர் விதிமுறைப்படி கட்டத்துக்குள் எழுதவில்லை; தவறு கையெழுத்தினுடையது. இதுதான் சாரம். லோடரை எழுதியவள் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். நான் அந்தக் கட்டுத் தாள்களின் படங்களை லோடரில் ஏற்றிப் பார்த்தேன். அந்த ஆசிரியரின் ஏழுகளில் ஒன்றைக்கூட அது உள்ளே விடவில்லை. அதாவது, அந்தத் தொண்ணூற்றொன்பதில் இந்த மாதிரிக் கை ஒன்றுகூடச் சேர்த்தியில்லை. அப்படி எழுதுகிறவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு, உள்ளே இருப்பவர்களை மட்டும் எண்ணி எல்லோரும் நலம் என்று எழுதச் சொல்கிறார் மனோகர் சார்.

மாட்டேன் என்றேன். மனோகர் சார் எனக்கு ஒரு காபி வரவழைத்தார். நான் உணர்ச்சிவசப்படுகிறேன் என்றார். "ஒரு டீச்சருக்காக இத்தனை பேர் உழைப்பைத் தூக்கிப் போட முடியுமாம்மா?" என்றார். டீச்சர் கையெழுத்து தப்பென்று நான் எழுதினால் அவர் வேலைக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். அது அமைப்பின் உள்விவகாரம், நமக்கெதற்கு என்றார். காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அவர் என் கையெழுத்து இல்லாமலே அறிக்கையை அனுப்பினார்.

அந்த டீச்சர் பெயர் லலிதா. அடையாறில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை; மயிலாப்பூரில் வீடு. அறிக்கை போன கையோடு, திருத்தும் பணியிலிருந்து அவரை நீக்கி, அலட்சியமாக மதிப்பெண் இட்டதாக விளக்கம் கேட்டு ஓலை அனுப்பினார்கள். பள்ளிக்கும் ஒரு நகல் போனது. தலைமையாசிரியை அதை ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் வாசித்தாராம். டீச்சருக்கு ஓய்வுபெற அந்த ஒரு கல்வியாண்டுதான் பாக்கி.

விசாரணை கோபாலபுரத்தில், அந்த அமைப்பு வாடகைக்கு எடுத்திருந்த பழைய பங்களாவில் நடந்தது. அறிக்கையில் லோடரை எழுதியவரின் கையெழுத்து இல்லையே என்று அவர்கள் கேட்டதால்தான் என்னையும் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. காரில் போகும்போது, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று மனோகர் சார் அன்பாக அறிவுரை சொன்னார்.

லலிதா டீச்சரை அங்கேதான் முதலில் பார்த்தேன். காட்டன் புடவை, நிமிர்ந்த முதுகு. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் அவர் தனியாக. நடுவில் இருந்தவர், கட்டத்துக்குள் எழுதும்படி விதிமுறை இருப்பது தெரியுமா என்று கேட்டார். டீச்சர் தெரியும் என்றார். அப்படியானால் ஏன் இப்படி எழுதினீர்கள் என்றார் அவர்.

"கரும்பலகையில எழுதிண்டே வந்த கை இது. கடைசி பெஞ்சுல இருக்கற குழந்தைக்குத் தெரியணும்னு எழுதுவேன்" என்றார் டீச்சர். "இத்தனை வருஷத்துல என் ஏழை யாரும் ஒண்ணுன்னு படிச்சதில்லை. நீங்க படிங்கோ, பார்க்கலாம்."

தாளை அவர்கள் பக்கம் நகர்த்தினார். மூவரும் அதைப் பார்த்தார்கள். நடுவில் இருந்தவர், நாங்கள் படிப்பது முக்கியமில்லை, இயந்திரம் படிக்க வேண்டும் அல்லவா என்றார்.

அந்த வாக்கியத்தை இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. கண் முன்னால் ஏழு இருக்கிறது. மூன்று படித்த மனிதர்கள் அது ஏழு என்று அறிந்திருக்கிறார்கள். ஆனாலும் குற்றம் எழுதியவளுடையது.

என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானாக எழுந்தேன். லேப்டாப்பைச் சுவரில் இருந்த டிவியோடு இணைத்தேன். தலை எப்படிப் போகிறது என்பதை முதலில் காட்டினேன்: டீச்சரின் ஏழு, கட்டம் அழிகிறது, கூடவே மேல் கோடு அழிகிறது, மிஞ்சியது குச்சி. பிறகு லோடரில் அந்த விட்டுவிடும் ஏற்பாட்டை எடுத்துவிட்டு, பழைய பரீட்சையை எல்லாப் படங்களோடும் மறுபடி ஓட்டினேன். மனோகர் சார், இது இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது என்றார். நடுவில் இருந்தவர், ஓடட்டும் என்றார். புதிய மதிப்பெண் திரையில் வந்தது. எத்தனை என்று எழுத மாட்டேன். அதன் பிறகு அந்த அறையில் யாரும் தொண்ணூற்றொன்பது என்று சொல்லவில்லை. மனோகர் சார் கண்ணாடியைக் கழற்றவில்லை, துடைக்கவும் இல்லை.

இத்தோடு நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அரைகுறையாகத்தான் கிடைத்தது. மதிப்பெண்களைத் திருத்தினார்கள், அதற்குள் அந்த வருஷச் சேர்க்கை முடிந்துவிட்டது. டீச்சர் மீதான நடவடிக்கையைத் "தொழில்நுட்பக் காரணங்களால்" கைவிடுவதாக ஒட்டிய கவரில் கடிதம் வந்தது. யார் தப்பு என்று அதில் ஒரு சொல் இல்லை. குற்றச்சாட்டை உரக்க வாசித்த தலைமையாசிரியை, இதை வாசிக்கும் வழக்கமில்லை என்றுவிட்டாராம். எங்கள் லோடர் மறுபடி நின்று கேட்கிற மாதிரி ஆனது, அமைப்பு எழுதிக் கேட்டதால். மனோகர் சார் கொஞ்ச நாளில் இதைவிடப் பெரிய கம்பெனிக்கு, பெரிய பதவிக்குப் போய்விட்டார். அவருக்குப் பிரிவுபசார விழா நடந்தது. நான் போகவில்லை.

ஒரு சனிக்கிழமை லலிதா டீச்சர் போன் செய்தார். கவிதாவின் முகவரி மனுவில் இருந்ததாம்; நேரில் போய்ப் பார்க்க வேண்டும், கூட வர முடியுமா என்று கேட்டார். நாம் எதற்கு டீச்சர், தப்புச் செய்தவர்கள் அல்லவா போக வேண்டும் என்றேன். "அவா போக மாட்டா" என்றார்.

அடையாறில் பஸ் ஏறினோம். கவிதாவின் குடும்பம் முன்பு ஆற்றோரத்தில் இருந்தது. வீடுகளை இடித்து, ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அவள் அம்மா இன்னமும் அடையாறில்தான் வீட்டு வேலை செய்கிறார். தினமும் இவ்வளவு தூரம் வந்து போகிறார். எங்களைப் பார்த்ததும் பயந்துவிட்டார். மார்க்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள வந்திருக்கிறோமோ என்ற பயம். டீச்சர் எங்களை யாரென்று சொல்லி, அதற்காக வரவில்லை என்றதும், பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். மகள் தி. நகரில் துணிக்கடையில் வேலைக்குப் போயிருப்பதாகவும், வருகிற நேரந்தான் என்றும் சொன்னார்.

பிறகு, கேட்காமலே பேச ஆரம்பித்தார். முடிவு வந்த அன்றைக்கு, இது என் மார்க்கே இல்லை என்று மகள் அழுதாளாம்.

"கம்ப்யூட்டரு பொய் சொல்லுமாடின்னு அடிச்சேன்மா. வெளக்கமாத்தால அடிச்சேன்" என்றார்.

மார்க் மாறி வந்த பிறகும் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. மனுப் போட்டால் இரக்கப்பட்டு ஏற்றிப் போடுவார்கள் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். இதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை.

நான் உட்கார்ந்திருந்த இடத்தில் கொதித்துக்கொண்டிருந்தேன். அந்த அறிக்கையில், அந்தக் கடிதத்தில், ஆபீசில் வெட்டிய கேக்கில், எதிலாவது இந்த அடி இருந்ததா? எங்களுக்கு அது விட்டுவிட்ட ஒரு படம்.

கவிதா வெயில் தாழ்ந்த பிறகு வந்தாள். ஒல்லியான பெண். கடைச் சீருடைப் புடவை. நாங்கள் யார் என்று அம்மா சொல்லும்போது, தோள் பையைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். லலிதா டீச்சர் எழுந்து அவளுக்கு எதிரே போய் நின்றார்.

"உன் தாளைத் திருத்தினது நான்தாம்மா. அன்னைக்கே எழுபத்திரண்டுதான் போட்டேன். அப்புறம் யாரும் உனக்கு ஒரு மார்க்கூட ஏத்திப் போடலை. அத்தனையும் நீ எழுதி வாங்கினது."

அந்தப் பெண் டீச்சரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. எங்களைத் தாண்டி, அடுப்படியை ஒட்டி நின்றிருந்த அம்மாவைப் பார்த்தாள்.

"கேட்டுக்கினியா?" என்றாள்.